தலையில் கரப்பான்: களிம்பைத் தேடும் முன் காரணத்தைத் தேடுங்கள்

வாசகர் கேள்வி

"தலையில் கூடை சுமந்து மீன் விற்கிறேன். இரண்டு வருடமாக உச்சியிலும் காதுக்குப் பின்னாலும் செதில் செதிலாக உதிர்கிறது. அரிப்பு தாங்க முடியவில்லை. சொறிந்தால் நீர் கசிந்து பொருக்குத் தட்டுகிறது. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைப் போட்டால் நான்கு நாளில் அடங்குகிறது. விட்டால் முன்னைவிட அதிகமாக வருகிறது. ஏரித் தண்ணீர்தான் காரணமா? மீன், கருவாடு, இறால் எல்லாம் கரப்பான் பண்டம், நிறுத்திவிடு என்கிறார்கள். எங்கள் வீட்டில் வேறு என்ன இருக்கிறது? ஏழு வயது மகளுக்கும் தலையில் ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாக முடி கொட்டியிருக்கிறது. மாட்டு உண்ணிக்குப் போடும் மருந்தைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து இரண்டு பேர் தலையிலும் தடவினால் போய்விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். தடவலாமா?"

- பழவேற்காடு பகுதி வாசகி, திருவள்ளூர் மாவட்டம்.

கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். தடவக் கூடாது. தாய்க்கும் கூடாது, மகளுக்கும் கூடாது.

உண்ணி மருந்து மாட்டுக்கு மட்டும்

மாடு, ஆடுகளில் உண்ணி ஒழிக்க விற்கப்படும் மருந்துகளில் பெரும்பாலும் டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் போன்ற பூச்சிக்கொல்லிகள் உள்ளன. இவை கால்நடையின் தடித்த தோலுக்காக, குறிப்பிட்ட அளவு தண்ணீரில் கலந்து பயன்படுத்தும் அடர் மருந்துகள். அமிட்ராஸ் உடலுக்குள் போனால் மயக்கம் வரும், நாடித் துடிப்பு குறையும், மூச்சு தளரும். சின்னக் குழந்தைக்கு இது உயிராபத்து.

"தோலில்தானே தடவுகிறோம், குடிக்கவில்லையே" என்று பலர் நினைக்கிறார்கள். தலைத்தோல் மற்ற இடத்துத் தோல் போன்றது அல்ல. பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியை மனிதத் தோலில் பூசிப் பார்த்த ஓர் ஆய்வு 1971-ல் வெளியானது. முன்கையில் பூசியதில் சுமார் 9 சதவீதம் உடலுக்குள் போனது. தலைத்தோலில் பூசியதில் சுமார் 32 சதவீதம் போனது. ஏறத்தாழ நான்கு மடங்கு. இது புண் இல்லாத தோலின் கணக்கு. சொறிந்து புண்ணான தலையில் இன்னும் அதிகமாக இறங்கும். வயலில் மருந்தடிப்பவர்கள் தொப்பியோ தலைப்பாகையோ இல்லாமல் இறங்கக் கூடாது என்று சொல்வதற்கும் இதுதான் காரணம்.

யாராவது ஏற்கெனவே தடவியிருந்தால், உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் தலையைக் கழுவி, துணியை மாற்றி, மருந்துப் புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மயக்கம், வாந்தி, தள்ளாட்டம் தெரிந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். பேனுக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கமும் இதே வகைதான். தோலை எரிக்கும். அடுப்பருகே போனால் தீப்பிடிக்கும்.

அரிப்பு ஒன்று, காரணம் பல

நெற்பயிரில் இலை பழுப்பதைப் பார்த்தவுடன் பூஞ்சணக்கொல்லி வாங்க ஓடுபவர் உண்டு. அது துத்தநாகப் பற்றாக்குறையாக இருந்தால், அடித்த மருந்துக்கான பணம்தான் போகும், பயிர் தேறாது. தலை அரிப்பும் அப்படித்தான். ஊரில் "கரப்பான்" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்குக் கேடாகும்.

எண்ணெய்ப்பசைக் கரப்பான்: மஞ்சள் கலந்த, பிசுபிசுப்பான செதில். உச்சி, நெற்றியோரம், புருவம், மூக்கின் இருபக்க மடிப்பு, காதின் பின்புறம் ஆகிய இடங்களில் வரும். கடுமையான பொடுகு என்று இதைச் சொல்லலாம். பெரியவர்களின் தலையில் காணும் கரப்பானில் இதுவே மிகச் சாதாரணம்.

ஒவ்வாமைக் கரப்பான்: முடிச்சாயம், புதிய எண்ணெய், செடியின் சாறு போன்ற ஏதோ ஒன்று பட்ட பிறகு தோன்றும். நீர் கசியும். தலையோடு நிற்காமல் கண்ணிமை, காது, கழுத்தும் வீங்கும்.

சோரியாசிஸ் என்னும் காளாஞ்சகப்படை: வெள்ளி நிறத்தில் தடித்த செதில். முடியோரத்தைத் தாண்டி நெற்றிக்கு இறங்கும். முழங்கை, முழங்கால், நகங்களிலும் தடயம் இருக்கும். தொற்றாது.

தலைப் படர்தாமரை: பெரும்பாலும் குழந்தைகளுக்கு வரும். வட்டமாக முடி உதிர்ந்து, மிச்ச முடி வேரோடு ஒட்டி முறிந்து கரும்புள்ளி போலத் தெரியும். தொற்றும்.

பேன்: பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் அரிப்பு அதிகம். முடியில் ஈறு ஒட்டியிருக்கும். சொறிந்த இடத்தில் சீழ் பிடித்தால் கரப்பான் போலவே தோன்றும்.

வாசகி சொல்லும் அடையாளங்கள் எண்ணெய்ப்பசைக் கரப்பானோடு அதிகம் பொருந்துகின்றன. மகளுக்கு இருப்பது படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே ஒரே வீட்டில் இரண்டு தலைக்கும் ஒரே மருந்து என்பது பொருந்தாது. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. இருவரையும் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்.

ஒழிக்க முடியாது, அடக்கி வைக்கலாம்

எண்ணெய்ப்பசைக் கரப்பானுக்குப் பின்னால் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சணம் இருக்கிறது. இது வெளியிலிருந்து தொற்றி வருவதல்ல. எல்லோருடைய தலையிலும் வாழ்வது. தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே தயாரிக்க இதனால் முடியாது. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெயைத் தின்று வாழ்கிறது. அப்போது வெளியாகும் கழிவுப் பொருள்கள் சிலருடைய தோலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. தோல் சிவக்கிறது, வேகமாகச் செதில் உதிர்க்கிறது, அரிக்கிறது. எல்லோரிடமும் இருக்கும் பூஞ்சணம் சிலருக்கு மட்டும் தொல்லை தருவது அவரவர் தோலின் தன்மையால்தான். அழுக்கோ, சுத்தக் குறைவோ இதற்குக் காரணமல்ல. பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒரே கூடையைத் தொட்டாலும் அடுத்தவருக்கு ஒட்டாது. இந்தத் தலையுள்ளவரிடம் மீன் வாங்கத் தயங்க வேண்டியதே இல்லை.

வயலில் பூச்சியை அடியோடு ஒழிக்க முடியாது, சேத நிலைக்குக் கீழே வைத்திருக்க முடியும் என்பது விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். இங்கும் அதே கணக்கு. "ஒரே மாதத்தில் வேரோடு போக்கும்" என்று சொல்லி விற்கும் எதையும் நம்ப வேண்டாம். உடல் சோர்வு, தூக்கக் குறைவு, மனக்கவலை, பருவ மாற்றம் ஆகியவற்றால் அவ்வப்போது கிளம்பும். கிளம்பும்போது அடக்கி, அடங்கிய பின்னும் குறைந்த அளவில் கவனிப்பைத் தொடர்ந்தால் சாதாரணமாக வாழலாம்.

நான்கு நாளில் அடக்கும் களிம்பு

போட்டால் அடங்குவதும் விட்டால் கூடுவதும் ஒரு முக்கியமான அடையாளம். சீட்டில்லாமல் கடையில் தரும் களிம்புகளில் பல, ஸ்டீராய்டும் பூஞ்சண மருந்தும் கிருமி மருந்தும் ஒன்றாகக் கலந்தவை. குழாயின் மேல் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், புளுவோசினோலோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. எழுத்து சிறியதாக இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து அல்ல. மருத்துவர் சொல்லும் அளவில், ஓரிரு வாரம், தலைக்கு ஏற்ற திரவ வடிவில் போட்டால் அழற்சியை நன்றாகத் தணிக்கும். மாதக்கணக்கில் தானாகப் போட்டுக்கொண்டால் தோல் மெலியும், சிவப்பு நரம்புகள் தெரியும், நெற்றியில் வழிந்து முகத்தில் பருக்கள் வரும், நிறுத்தினால் நோய் சீறிக்கொண்டு திரும்பும். படர்தாமரை மேல் போட்டால் அரிப்பு மட்டும் அடங்கி, பூஞ்சணம் தடையில்லாமல் பரவும். பிறகு மருத்துவரே அடையாளம் காணத் திணறுவார். இந்தத் தவறான பயன்பாட்டைக் கண்டுதான் 2018 மார்ச்சில் மத்திய சுகாதார அமைச்சகம் ஸ்டீராய்டு வெளிப்பூச்சு மருந்துகளை 'எச்' அட்டவணைக்குள் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது.

இரண்டு வருடமாகப் பூசி வருபவர், எதைப் பூசினார் என்பதை மறைக்காமல், காலிக் குழாயையும் கொண்டுபோய் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

மருந்துத் தலைமுழுக்கு

எண்ணெய்ப்பசைக் கரப்பான் என்று உறுதியானால், முதல் மருந்து பெரும்பாலும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்புதான். இதைப் பயன்படுத்தும் முறையில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள்.

1. முதலில் தலையை நனைத்து, சாதாரண ஷாம்பு அல்லது சோப்பால் எண்ணெயையும் உப்பையும் கழுவி விட வேண்டும்.

2. மருந்து ஷாம்பு முடிக்கு அல்ல, தோலுக்கு. விரல் நுனியால் முடியைப் பிரித்துத் தோலில் படும்படி தடவ வேண்டும். நகம் படக் கூடாது.

3. 3 முதல் 5 நிமிடம் அப்படியே ஊற விட வேண்டும். போட்டவுடன் கழுவினால் மருந்து வேலை செய்ய நேரம் இருக்காது.

4. வாரம் இரண்டு முறை வீதம், 2 முதல் 4 வாரம் தொடர வேண்டும். அடங்கிய பிறகு வாரம் ஒரு முறை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போட்டால் திரும்புவது குறையும்.

கீட்டோகோனசோல் ஒத்துவராதவர்களுக்கு ஜிங்க் பைரிதியோன், செலினியம் சல்பைடு, நிலக்கரித் தார் கலந்த ஷாம்புகள் உள்ளன. தடித்த செதிலுக்குச் சாலிசிலிக் அமிலம் கலந்த மருந்து தருவார்கள். ஷாம்புக்குப் பதிலாகக் கீட்டோகோனசோல் மாத்திரை போட்டுக்கொள்வது கூடாது. கல்லீரலைக் கெடுக்கக் கூடியது அது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் எந்த மருந்துக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

தேங்காய் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. செதில் தெரிந்தால் எண்ணெய் போதவில்லை என்று இன்னும் நிறையத் தடவுவது நம் வழக்கம். எண்ணெய்ப்பசைக் கரப்பானில் அது பூஞ்சணத்துக்குத் தீனி போடுவதாகவே முடியும். ஒட்டிய பொருக்கை இளக்க, குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தடவி, பிறகு முழுவதும் கழுவி விடலாம். இரவு முழுக்க ஊறப் போட வேண்டாம். கடுகெண்ணெய் தோலை உறுத்தும். எலுமிச்சைச் சாறு, பூண்டுச் சாறு, சுண்ணாம்பு, சேங்கொட்டை இவை புண்ணான தலையில் படவே கூடாது. சேங்கொட்டைப் பால் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும்.

பிறந்த குழந்தைகளின் உச்சியில் மஞ்சள் பொருக்குத் தட்டுவதும் இந்த வகையே. சில மாதங்களில் தானாக மறையும். இதமாக எண்ணெய் தொட்டு, மெல்லிய துணியாலோ மென்மையான பிரஷாலோ துடைத்து, குழந்தைகளுக்கான ஷாம்புவால் கழுவினால் போதும். நகத்தால் உரிக்கக் கூடாது.

மகளுக்குக் காத்திருக்க நேரமில்லை

தாயின் நோய் தொல்லை தருவது. மகளுடையது படர்தாமரையானால் அது வேறு அவசரம். பூஞ்சணம் முடியின் உள்ளேயே புகுந்திருக்கும். மேலே பூசும் களிம்பு அங்கே போகாது. கிரிசியோபுல்வின் அல்லது டெர்பினாபின் போன்ற மருந்தைக் குழந்தையின் எடைக்கு ஏற்ப, வாரக்கணக்கில் வாய்வழி கொடுத்தால்தான் போகும். கிரிசியோபுல்வினைப் பால் போன்ற கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால் உடலில் நன்றாகச் சேரும். முடி முளைக்கத் தொடங்கியதும் நாமே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவர் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும்.

விட்டுவிட்டால் சில குழந்தைகளுக்கு அந்த இடம் கொழகொழவென்று வீங்கிச் சீழ் கட்டும். அது ஆறும்போது தழும்பாகி, அங்கே பிறகு முடி முளைக்காமலே போகலாம். உரிய காலத்தில் மாத்திரை கொடுத்தால் பெரும்பாலும் முடி முழுதும் திரும்பிவிடும்.

சோதனை எளிது. சிறிது செதிலையும் முறிந்த முடியையும் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அதுவரை சீப்பு, துண்டு, தலையணை, ரிப்பன் ஆகியவற்றைத் தனியே வைக்க வேண்டும். அண்ணன் தம்பி, அக்கா தங்கை தலைகளையும் பார்க்க வேண்டும். வீட்டில் நாய்க்குட்டி, பூனைக்குட்டி, கன்றுக்குட்டி இருந்தால் அவற்றின் உடலில் முடி கொட்டிய வட்டத் திட்டு உண்டா என்று கவனிக்க வேண்டும். கன்றின் முகத்திலும் கழுத்திலும் சாம்பல் நிறப் பொருக்காக வரும் படை, மனிதருக்கும் தொற்றும். கால்நடை மருத்துவரிடம் கன்றுக்கும் வைத்தியம் பார்க்காவிட்டால் குழந்தைக்குக் குணமானாலும் மறுபடி வரும்.

ஏரித் தண்ணீர் குற்றவாளியா?

பழவேற்காடு ஏரியின் உப்பு ஆண்டு முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவரும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் நன்னீரை நெருங்கும். முகத்துவாரம் தூர்ந்து வெயில் காயும் கோடையில் கடலைவிடக் கரிக்கும். பறியை வாயில் கவ்வியபடி கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் மணிக்கணக்கில் இந்த நீரில் இருக்கிறார்கள்.

இந்த உப்பு நீர் எண்ணெய்ப்பசைக் கரப்பானை உண்டாக்குவதில்லை. ஆனால் ஏற்கெனவே வெடித்த தோலில் உப்பு காய்ந்து படிந்தால் எரிச்சலும் அரிப்பும் கூடும், சொறியத் தூண்டும், புண் பெரிதாகும். கரையோரக் கிணற்று நீரும் பல இடங்களில் உப்பாக இருப்பதால் சோப்பு நுரைக்காது. நுரைக்காத சோப்பு தலையில் படலமாகத் தங்கிவிடும். குடிப்பதற்கு விலை கொடுத்தோ, லாரியில் வந்தோ கிடைக்கும் நல்ல தண்ணீரைத் தலைக்குக் குடம் குடமாக ஊற்ற முடியாது என்பது உண்மைதான். முதல் கழுவல்களை எந்தத் தண்ணீரில் செய்தாலும், கடைசியாக ஒரே ஒரு செம்பு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அலசினால் போதும். மழைக்காலத்தில் கூரை நீரைப் பிடித்து வைத்தால் அதுவே தலைக்கு மிக ஏற்ற நீர்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. திறந்த புண்ணோடு வெதுவெதுப்பான உவர் நீரில் இறங்கினால் சில கிருமிகள் புண் வழியாக உடலுக்குள் போகலாம். சர்க்கரை நோயோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு இது வேகமாக முற்றும். நீர் கசியும் புண் ஆறும் வரை தலையை ஏரி நீரில் முக்காமல் இருப்பது நல்லது. புண்ணைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கரப்பான் பண்டம் என்ற பயம்

கருவாடு, இறால், நண்டு, கத்திரிக்காய் எல்லாம் கரப்பான் பண்டம் என்று ஒதுக்குவது பழைய வழக்கம். எண்ணெய்ப்பசைக் கரப்பான் உள்ளவர் மீனை நிறுத்த வேண்டும் என்பதற்குச் சான்று இல்லை. மீன் பிடித்து வாழும் வீட்டில் மீன்தான் புரதம். அதை நிறுத்தினால் தட்டில் சோறு மட்டுமே மிஞ்சும். புண் ஆறுவதற்கும் முடி வளர்வதற்கும் புரதம் தேவை. வளரும் பெண் குழந்தைக்கு அது இன்னும் தேவை.

உண்மையான மீன், இறால் ஒவ்வாமை வேறு மாதிரி இருக்கும். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் வரும். அப்படி வந்தவர்கள் அந்த உணவைத் தொடக் கூடாது. வேறு யாரும் ஊர்ப் பேச்சுக்காகப் பட்டினி கிடக்க வேண்டாம்.

கூடை, சும்மாடு, ஈரத் தலை

தொழிலை விடச் சொல்லும் வைத்தியம் ஏழைக்கு வைத்தியமாகாது. சின்ன மாற்றங்கள் போதும்.

ஒழுகும் கூடைக்கு அடியில் தடித்த பிளாஸ்டிக் தாள் விரிக்கலாம், அல்லது ஒழுகாத அன்னக்கூடையைப் பயன்படுத்தலாம். மீன் தண்ணீர் தலையில் வடியாமல் இருப்பதே முக்கியம்.

சும்மாட்டுத் துணி இரண்டு வைத்துக்கொண்டு, ஒன்றை உடுத்தும் நாளில் மற்றதைத் துவைத்து நல்ல வெயிலில் காய வைக்க வேண்டும். பருத்தித் துணி நல்லது. ஈரச் சும்மாடு தலைத்தோலை ஊற வைத்து உரசும்.

வீடு வந்ததும் தலையை அலசி, முடி காய்ந்த பிறகே கொண்டை போட வேண்டும். ஈர முடியை இறுக்கிக் கட்டினால் அரிப்பு கூடும்.

நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். அரிப்பு தாங்காதபோது ஈரத் துணியை அந்த இடத்தில் சில நிமிடம் அழுத்தி வைக்கலாம்.

யாரிடம் காட்டுவது?

முதலில் பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையம். அங்கிருந்து தேவைப்பட்டால் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ அனுப்புவார்கள். சீட்டையும் பயன்படுத்திய களிம்புகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.

சீழ், காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், கண்ணிமை வீக்கம், வேகமாகப் பரவும் சிவப்பு, குழந்தைக்கு முடி கொட்டிய திட்டு இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது. நான்கு வாரம் முறையாக மருந்து ஷாம்பு போட்டும் குறையவில்லை என்றாலும், திடீரென்று முகம், மார்பு வரை கடுமையாகப் பரவினாலும் மருத்துவர் இரத்தப் பரிசோதனை கேட்கலாம். அதைத் தவிர்க்க வேண்டாம். உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தாலும் இந்த நோய் அப்படிச் சீறும்.

இதே பொருளில் மேலும் இரு கேள்விகள்

"வரப்பில் பார்த்தீனியம் பிடுங்கிய மறுநாள் வழுக்கைத் தலை, கழுத்து, கண்ணிமை எல்லாம் தடித்து அரிக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் இப்படி ஆகிறது. என்ன செய்வது?" - பொன்னேரி வட்ட விவசாயி.

இது ஒவ்வாமைக் கரப்பான். 1955 வாக்கில் புனேயில் முதலில் கவனிக்கப்பட்ட இந்தக் களை இன்று நாடெங்கும் பரவி, ஆயிரக்கணக்கான விவசாயிகளின் தோலைக் கெடுத்திருக்கிறது. இலையிலும் பூவிலும் உள்ள பார்த்தீனின் என்ற பொருள்தான் காரணம். காய்ந்த செடியின் தூசு காற்றில் வந்தாலே போதும். ஆகவே மூடாத இடங்களான முகம், கழுத்து, முழங்கை மடிப்பு, முடியில்லாத தலை ஆகியவற்றில் வரும். ஒருமுறை ஒவ்வாமை வந்தவர் அந்தச் செடியைத் தொடவே கூடாது. பிடுங்கும் வேலையை ஒவ்வாமை இல்லாத வேறொருவர் கையுறை, முழுக்கைச் சட்டை, தலைத்துணியோடு செய்யட்டும். பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு எடுப்பது நல்லது. காய்ந்த செடியைக் குவித்து எரிக்கும் இடத்திலும் நிற்க வேண்டாம். தரிசு நிலத்தில் இலையைத் தின்னும் மெக்சிகன் வண்டுகளைக் கண்டால் கொல்ல வேண்டாம். 1983-ல் இக்களையை அடக்குவதற்காகவே பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டவை அவை. வயலிலிருந்து வந்ததும் குளித்து உடை மாற்ற வேண்டும். தடிப்புக்குத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் விட்டால் தோல் தடித்து, வெயிலே ஆகாத நிலை வரும்.

"திருவிழாவுக்குத் தலைக்கு மை போட்டேன். இரண்டாம் நாள் தலை நீர் வடிந்து கண் மூடிக்கொண்டது. அடுத்த முறை வேறு நிறுவனத்துச் சாயம் வாங்கலாமா?" - மீஞ்சூர் பகுதி வாசகர்.

நிறுவனத்தை மாற்றிப் பயனில்லை. பெரும்பாலான கருப்புச் சாயங்களில் பாரா-ஃபீனைலீன்டையமின் என்ற ஒரே பொருள்தான் இருக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்தால் ஆயுளுக்கும் இருக்கும். அடுத்த முறை இன்னும் கடுமையாக வரும். 'கருப்பு மருதாணி' என்று விற்கும் பொடிகளிலும் இதே பொருளைக் கலப்பதுண்டு. அரைத்த மருதாணி இலை மட்டும் பெரும்பாலானோருக்குத் தொந்தரவு தராது. புதிதாகச் சாயம் போட நினைப்பவர்கள் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போட வேண்டும். ஒருமுறை முகம் வீங்கியவர்களோ அந்தச் சோதனையைக் கூட வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. நரை தெரிந்தால் தெரியட்டும்.